பொருள்வயின் பிரிந்தவள்

சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள் மாலை பழைய மாணவி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். பி.எஸ்சி. கணினி அறிவியல் படித்தவள். முதல் இரண்டு ஆண்டுகள் தமிழ்ப் பாடத்துக்கு என் வகுப்பில் உட்கார்ந்தவள். படிப்பு முடியும் முன்பே வளாகத் தேர்வுக்கு வந்த நிறுவனம் ஒன்று அவளையும் வகுப்புத் தோழன் ஒருவனையும் ஒரே நாளில், ஒரே சம்பளத்தில் எடுத்துக்கொண்டது. பத்து ஆண்டுகள் ஓடிவிட்டன. அவன் மூன்று முறை கம்பெனி மாறினான். அவள் முதல் கம்பெனியிலேயே ஐந்து ஆண்டுகள் இருந்தாள். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள். இரண்டு ஆண்டுகள் கழித்து, வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த சிறிய நிறுவனத்தில், முன்பு வாங்கியதைவிடக் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தாள். இப்போது பெரிய நிறுவனம் ஒன்றில் தேர்வாகியிருக்கிறாள். நான்கு சுற்று நேர்காணல் முடிந்த பிறகு, கடைசி மூன்று மாத பே ஸ்லிப்பைக் கேட்டார்கள். அனுப்பினாள். அதைப் பார்த்துவிட்டு, இப்போது வாங்குவதற்கு மேல் 30 சதவீதம் தருகிறோம் என்றார்கள். அதே நிறுவனத்தில், அதே பொறுப்பில், அந்த வகுப்புத் தோழன் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வாங்குகிறான்.

“மேம், இந்த வேலைக்கு எவ்வளவுன்னு சொல்லவே மாட்டேங்குறாங்க. நான் இப்ப எவ்வளவு வாங்குறேன்னுதான் கேக்குறாங்க. அந்தச் சீட்டு என்னை எங்க போனாலும் விடாது போல” என்றாள்.

“கேட்டுப் பாரும்மா” என்று மட்டும்தான் அன்று சொல்ல முடிந்தது. ஆனால் அந்தச் ‘சீட்டு’ என்ற சொல் மனதில் தங்கிவிட்டது. வேலையை விட்டு இன்னொரு வேலைக்குப் போகிறவரின் பின்னாலேயே போகும் சீட்டு தமிழர் வரலாற்றில் ஏற்கெனவே ஒன்று இருந்திருக்கிறது. அதில் தொடங்கினால், கூடுதல் சம்பளத்துக்காக வேலை மாறுவது என்ற இன்றைய சாதாரணச் செயலுக்குப் பின்னால் எவ்வளவு நீண்ட கதை இருக்கிறது என்பதும், அந்தக் கதையில் பெண் எங்கே நிறுத்தப்பட்டிருக்கிறாள் என்பதும் தெரியவருகிறது.

பிரிவும் இருப்பும்

தமிழ் இலக்கணத்தில் இதற்கு ஒரு பெயரே உண்டு: பொருள்வயின் பிரிவு. பொருள் தேடி வீட்டை விட்டுப் போவது. போகிறவன் தலைவன். பாலைக்கு உரிப்பொருள் பிரிதல். முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். பிரிகிறவன் ஆண், இருக்கிறவள் பெண். கடல் கடந்து போகும்போது பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்பதையும் தொல்காப்பியம் சேர்த்தே சொல்லிவைக்கிறது. வகுப்பில் ஆண்டுதோறும் இதை நடத்துகிறேன். அகப்பாடல்களின் அழகில் தோய்ந்து கேட்கும் மாணவிகளில் யாராவது ஒருத்தி, “அவளும் சம்பாதிக்கப் போனா என்ன திணை மேம்?” என்று கேட்பாள். வகுப்பு சிரிக்கும். இலக்கணத்தில் அதற்கு இடம் இல்லை என்று சொல்லிக் கடந்துவிடுவேன்.

வாழ்க்கையில் இடம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான பெண்கள் கடல் கடந்து இலங்கையின் மலைத்தோட்டங்களுக்குப் போனார்கள். பஞ்சமும் சாதிக் கொடுமையும் துரத்தப் போனார்கள். அங்கே தேயிலைக் கொழுந்தைக் கிள்ளியவை பெரும்பாலும் பெண்களின் கைகளே. பொருள்வயின் பிரிந்தவர்கள்தான் அவர்கள். ஆனால் ஒருமுறை பிரிந்து போன இடத்திலிருந்து இன்னொரு முறை பிரிவதற்கு அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை.

துண்டு

இலங்கைத் தோட்டங்களில் ‘துண்டு’ முறை என்று ஒன்று இருந்தது. ஆங்கிலேயத் துரைமாரும் ‘துண்டு’ என்ற நம் சொல்லையே தங்கள் ஆவணங்களில் எழுதினார்கள். தோட்டத்துக்கு வரும்போதே தொழிலாளி கடனோடு வந்தார்: வழிச்செலவு, முன்பணம், கங்காணி கணக்கில் ஏற்றிய அரிசி, துணி. அந்தக் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் காகிதமே துண்டு. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அந்தத் தோட்டம் துண்டில் உள்ள தொகையைக் கட்ட வேண்டும். கட்டிய தொகை புதிய இடத்தில் மீண்டும் தொழிலாளியின் தலையிலேயே கடனாக ஏறும். தோட்டம் மாறினாலும் கடன் மாறாது. கங்காணிக்கு இது லாபம். ஆள் பற்றாக்குறை வந்தபோது ஒரு கூட்டத்தையே தோட்டம் மாற்றிக் காசு பார்த்தார். துண்டில் இருந்த ஆட்களுக்கு அந்தக் காசு வரவில்லை. 1921ஆம் ஆண்டுதான் இந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இந்தியாவிலும் நிலைமை வேறாக இல்லை. 1859இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த ஒப்பந்த மீறல் சட்டத்தின்படி, முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் அது குற்றம். நீதிபதி ஆணையிட்ட பிறகும் வேலையை முடிக்காமலும் பணத்தைத் திருப்பாமலும் இருந்தால் மூன்று மாதம் வரை சிறை. சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களின் வணிகர்களுக்காக வந்த இந்தச் சட்டம் பிறகு தோட்டங்கள் வரை பரவியது. இதை நீக்கும் சட்டம் 1925இல்தான் வந்தது. அதாவது, இன்றைக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்புவரை, ஏழை ஒருவர் வேலையை விடுவது சிறைக்குப் போகும் குற்றமாக இருக்க முடிந்தது.

1872: ஒரு வாசகம், இரண்டு கரைகள்

ஏழைத் தொழிலாளியை இப்படிக் கட்டிப்போட்ட அதே ஆட்சி, 1872இல் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை இயற்றியது. அதன் 27ஆம் பிரிவு, சட்டபூர்வமான தொழிலையோ வணிகத்தையோ செய்யவிடாமல் ஒருவரைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. இந்த வாசகத்தின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. டேவிட் டட்லி ஃபீல்ட் என்ற வழக்கறிஞர் நியூயார்க் மாநிலத்துக்காக எழுதிய சட்ட வரைவிலிருந்து வந்தது அது. நியூயார்க் அந்தச் சிவில் வரைவை ஏற்கவில்லை. கலிஃபோர்னியா ஏற்றுக்கொண்டது, அதுவும் அதே 1872இல். ஒரே வரைவிலிருந்து ஒரே ஆண்டில் இந்தியாவுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் ஏறக்குறைய ஒரே விதி கிடைத்தது. நூறாண்டு கழித்து இவ்விரண்டு நிலங்களும் கணினித் தொழிலின் இரண்டு முனைகளாகும் என்று அன்று யாருக்கும் தெரிந்திருக்காது.

கலிஃபோர்னியாவில் அந்த விதி என்ன செய்தது என்பது இன்று புகழ்பெற்ற கதை. 1957இல் ஷாக்லி செமிகண்டக்டர் நிறுவனத்திலிருந்து எட்டுப் பேர் ஒன்றாக விலகி ஃபேர்சைல்ட் செமிகண்டக்டரைத் தொடங்கினார்கள். ‘துரோகி எண்மர்’ என்ற பெயர் அவர்களுக்கு நிலைத்தது. அவர்களில் ராபர்ட் நாய்ஸ், கார்டன் மூர் இருவரும் 1968இல் ஃபேர்சைல்டையும் விட்டு இன்டெல்லைத் தொடங்கினார்கள். விலகியவர்களைப் போட்டி நிறுவனத்தில் சேராதே என்று ஒப்பந்தத்தால் கட்ட அங்கே சட்டம் இடம் தரவில்லை. அன்னலீ சாக்செனியன் என்ற ஆய்வாளர் 1994இல் வெளியிட்ட நூலில், சிலிக்கான் பள்ளத்தாக்கையும் பாஸ்டன் நகரைச் சுற்றிய கணினித் தொழில் வட்டாரத்தையும் ஒப்பிட்டார். ஒருவர் அடிக்கடி நிறுவனம் மாறுவதும், அறிவு அவரோடு சேர்ந்து நகர்வதும் பள்ளத்தாக்கின் வளர்ச்சிக்கு ஒரு பெரும் காரணம் என்று காட்டினார். பாஸ்டனில் ஒரே நிறுவனத்தில் நிலைத்திருப்பதே மதிப்பாகக் கருதப்பட்டது. வேலை மாறினால் சம்பளம் கூடும், மாறுகிறவன் திறமைசாலி என்ற இன்றைய தொழில்நுட்ப உலகின் நம்பிக்கைக்கு வேர் இங்கே இருக்கிறது.

துரோகி என்ற வசை இப்படித்தான் பாராட்டாக மாறியது. அந்த எட்டுப் பேரும் ஆண்கள்.

பெண்கள் அப்போது எங்கே இருந்தார்கள்?

கணினியில் பெண்கள் பின்னால் வந்து சேர்ந்தவர்கள் அல்லர். 1940களிலும் 50களிலும் கணினியை இயக்குவதும் நிரல் எழுதுவதும் பெரும்பாலும் பெண்களின் வேலையாகவே இருந்தன. பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். அங்கே அரசுப் பணியில் பெண் திருமணம் செய்துகொண்டால் வேலையை விட வேண்டும் என்ற விதி 1946 வரை இருந்தது. 1955இல் அரசுப் பணியில் சம ஊதியத்தைப் படிப்படியாகக் கொண்டுவர முடிவு செய்தார்கள். அதில் ஒரு விதிவிலக்கு வைத்தார்கள். கணக்கிடும் எந்திரங்களை இயக்கும் பணிநிலைகளில் கிட்டத்தட்ட பெண்கள் மட்டுமே இருந்தார்கள். ஒப்பிடுவதற்கு ஆண்கள் இல்லை. எனவே சமப்படுத்த ஒன்றும் இல்லை என்று அந்த நிலைகளை ஒதுக்கிவிட்டார்கள். பெண்கள் அதிகம் இருந்ததே அவர்களுக்குக் குறைந்த சம்பளம் தரக் காரணமானது.

இந்த உலகத்திலிருந்து விலகிய ஒரு பெண்ணின் கதையைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். ஸ்டெஃபனி ஷர்லி 1933இல் ஜெர்மனியில் யூதத் தந்தைக்குப் பிறந்தவர். ஐந்து வயதில், 1939இல், நாஜிகளிடமிருந்து குழந்தைகளைக் காப்பாற்றி அனுப்பிய ரயிலில் அக்காவுடன் இங்கிலாந்து வந்தார். அஞ்சல் துறையின் டாலிஸ் ஹில் ஆய்வு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து கணினி கற்றார். பிறகு ஒரு தனியார் கணினி நிறுவனத்துக்கு மாறினார். அங்கும் பெண் என்பதால் ஓர் எல்லைக்கு மேல் போக முடியாது என்று புரிந்தபோது விலகினார். 1962இல், கையில் ஆறு பவுண்டு முதலுடன், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ‘ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார்.

அவர் யாரை வேலைக்கு எடுத்தார் என்பதில்தான் வரலாறு இருக்கிறது. திருமணத்தாலும் பிள்ளைப்பேற்றாலும் வேலையை விட்ட பெண் நிரலாளர்களை எடுத்தார். அவர்கள் வீட்டிலிருந்தே தாளில் நிரல் எழுதி அஞ்சலில் அனுப்பினார்கள். வாடிக்கையாளர்களுக்கு ‘ஸ்டெஃபனி’ என்று கையெழுத்திட்டு அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை; ‘ஸ்டீவ்’ என்று கையெழுத்திட்டதும் வந்தது. 1963இல் மகன் பிறந்த பிறகு, தொலைபேசி வரும்போது பின்னணியில் தட்டச்சு ஓசையைப் பதிவுசெய்த நாடாவை ஓடவிடுவாராம், குழந்தை அழுவது கேட்காமலிருக்க. அந்தப் பெண்கள் வீட்டிலிருந்து எழுதிய நிரல்களில் கான்கார்ட் விமானத்தின் பறப்புப் பதிவுப் பெட்டிக்கானதும் உண்டு. முதல் 300 பணியாளர்களில் 297 பேர் பெண்கள். 1975இல் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தபோது, பெண்களுக்கென்று நடத்திய அந்த நிறுவனம் ஆண்களையும் எடுத்தாக வேண்டியதாயிற்று. ஷர்லி நிறுவனப் பங்குகளைப் பணியாளர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். அவர்களில் எழுபது பேர் மில்லியன் பவுண்டு உடையவர்களானார்கள். 2025 ஆகஸ்டில் அவர் மறைந்தார்.

ஷர்லி எடுத்த பெண்களை முந்தைய நிறுவனங்கள் ‘வேலையை விட்டுப் போனவர்கள்’ என்றே கணக்கில் எழுதியிருக்கும். அவர்கள் வேலையை விட விரும்பவில்லை, வேலை அவர்கள் வாழ்க்கைக்குள் நுழையும் வடிவத்தில் இல்லை என்பதை ஷர்லி கண்டுகொண்டார். கூடவே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வேறு எங்கும் எடுக்க மாட்டார்கள் என்பதால்தான் அவ்வளவு திறமை அவருக்குக் கிடைத்தது. போக வேறு இடம் இல்லாதவர்களால் சம்பளம் பேச முடியாது. அந்த நிலைமையை அவர் சுரண்டாமல் பங்காகப் பிரித்துக் கொடுத்தது அவருடைய நேர்மை. எல்லா முதலாளிகளும் ஷர்லி இல்லை.

நிறுவனம் பிரிந்த கதை

அதே காலத்தில் ‘துரோகிகள்’ தொடங்கிய ஃபேர்சைல்ட், 1965இல் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில், நவஹோ பழங்குடி மக்களின் நிலப்பகுதியான ஷிப்ராக்கில் ஒரு தொழிற்சாலையைத் தொடங்கியது. சிறு மின்சுற்றுகளை இணைக்கும் வேலை. ஒரு கட்டத்தில் ஆயிரம் பேருக்குமேல் வேலை செய்தார்கள். பெரும்பாலோர் நவஹோ பெண்கள். நவஹோ பெண்கள் காலங்காலமாகக் கம்பளம் நெய்கிறவர்கள், அந்த விரல்களுக்கு இந்த வேலை இயல்பாகவே வரும் என்பது போல, கம்பளத்தின் கோலத்தையும் மின்சுற்றின் கோலத்தையும் அருகருகே அச்சிட்டு நிறுவனம் 1969இல் ஒரு வெளியீடு கொண்டுவந்தது. விரல் இயல்பாகச் செய்வதற்குத் திறமைக்கான கூலி எதற்கு? தேயிலை கிள்ளும் பெண்ணின் விரலைப் பற்றியும் இதே புகழ்ச்சிதானே சொல்லப்பட்டது!

1975இல் ஆட்குறைப்பை எதிர்த்துப் போராட்டக்காரர்கள் தொழிற்சாலையை ஆக்கிரமித்தார்கள். ஃபேர்சைல்ட் ஆலையை மூடிவிட்டுப் போய்விட்டது. ஒரே நிறுவனத்தின் இரண்டு கதைகள் இவை. பொறியாளர்கள் நிறுவனத்தை விட்டுப் பிரிந்து செல்வந்தரானார்கள். தொழிலாளிப் பெண்களை விட்டு நிறுவனம் பிரிந்து போனது.

நமக்கும் இது புதிதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் கைப்பேசி தயாரிக்கத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பகுதியினர் சுற்று மாவட்டங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். ஆலையின் வரி வழக்கும், நோக்கியா தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றதும் பெரிய செய்திகளாயின. பிரிய விரும்பாமலே பிரிக்கப்பட்ட அந்தப் பெண்கள் எந்தச் சம்பளத்துக்கு எங்கே போனார்கள் என்பது அந்த அளவுக்குச் செய்தியாகவில்லை.

மாறினான், விட்டாள்

பிரியும் சுதந்திரம் முதலாளிக்கு விலை கூடியதாக மாறும்போது, அதைப் போற்றிய இடத்திலேயே அதற்குப் பூட்டும் போடப்படும். ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி உள்ளிட்ட நிறுவனங்கள் ஒருவர் ஆட்களை மற்றவர் தேடிப் போய் அழைப்பதில்லை என்று தங்களுக்குள் ரகசியமாக உடன்பட்டிருந்தது 2010இல் அமெரிக்க நீதித்துறை நடவடிக்கையால் வெளிவந்தது. சுமார் 64,000 பணியாளர்கள் சார்பில் வழக்கு நடந்தது. நிறுவனங்கள் தர முன்வந்த 324.5 மில்லியன் டாலர் போதாது என்று 2014இல் நீதிபதி லூசி கோ நிராகரித்தார். 2015இல் 415 மில்லியன் டாலரில் வழக்கு முடிந்தது. சட்டம் தந்த உரிமையைச் சொல்லாமல் பறிக்கவும் முடியும் என்பதற்கு இது சாட்சி.

இந்தியாவில் பூட்டுகள் வெளிப்படையாகவே இருக்கின்றன. 27ஆம் பிரிவு இருப்பதால் வேலையை விட்ட பிறகு போட்டி நிறுவனத்தில் சேராதே என்று தடுப்பது கடினம். எனவே விடுவதையே கடினமாக்குகிறார்கள். பேப்பர் போட்ட பிறகு 90 நாள் நோட்டீஸ் என்பது பல நிறுவனங்களில் வழக்கமாகிவிட்டது. ரிலீவிங் லெட்டர் இல்லாமல் அடுத்த இடத்தில் சேர முடியாது. பாண்ட் பற்றி உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் ஒரு வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்குமுன் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றது. பணியில் இருக்கும் காலத்துக்கான கட்டுப்பாடு 27ஆம் பிரிவில் அடங்காது என்பது அதன் விளக்கம்.

இந்தப் பூட்டுகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஆனால் ஆண் இவற்றைத் திறக்கும் காலமும் பெண் திறக்க வேண்டிய காலமும் வேறு. சம்பளம் வேகமாக ஏறுவது வேலைக்கு வந்த முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளில். பெண்ணுக்குத் திருமணமும் பிள்ளைப்பேறும் திட்டமிடப்படுவதும் அதே ஆண்டுகளில்தான். 2017 திருத்தம் மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது; பெரிய வெற்றி. ஆனால் அதைப் பெற, பிரசவ நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் அந்த நிறுவனத்தில் 80 நாட்கள் வேலை செய்திருக்க வேண்டும். புதிய இடத்தில் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். சட்டப்படி பார்த்தால் 80 நாள் பெரிய காலம் இல்லை. 1988க்கு முன் அது 160 நாளாக இருந்தது. என்றாலும் புதிய இடத்தில் சேர்ந்த ஆறாம் மாதம் வயிற்றைத் தள்ளிக்கொண்டு மேனேஜர் முன்னால் நிற்கத் துணியும் பெண்கள் எத்தனை பேர்? “குழந்தை பிறக்கட்டும், அப்புறம் மாறிக்கலாம்” என்று அம்மா சொல்வாள், மாமியார் சொல்வாள், தோழி சொல்வாள். பிறந்த பிறகு கிரெச் எங்கே, மாமியார் வீடு எங்கே, கேப் எத்தனை மணிக்கு வரும் என்பதில் இன்னும் சில ஆண்டுகள் போகும்.

2019இல் அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம். அந்த வேலைகளைச் செய்யும் ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். இரவு பத்து மணிக்குப் புதிய மென்பொருள் மொழி படித்து, சனிக்கிழமை நேர்காணல் கொடுக்க யாருக்கு நேரம் இருக்கும் என்பதற்கு இதற்கு மேல் கணக்கு வேண்டாம்.

கொரோனாவுக்குப் பிந்தைய ஆண்டுகளில் இந்தியத் தகவல் தொழில்நுட்பத் துறையே வேலை மாறியது. 2022 ஜூனில் முடிந்த காலாண்டில் இன்ஃபோசிஸில் விலகியோர் விகிதம் 28.4 சதவீதம் என்று அந்த நிறுவனமே அறிவித்தது. செய்தித்தாள்கள் சம்பள உயர்வைப் பற்றி எழுதின. மறு ஆண்டு, டி.சி.எஸ். நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் மனிதவளத் தலைவர் வேறொன்றை எழுதினார்: வழக்கமாக ஆண்களைவிடக் குறைவாகவோ ஒத்தோ இருக்கும் பெண்கள் விலகும் விகிதம் இந்த முறை ஆண்களைவிடக் கூடியிருக்கிறது. வீட்டிலிருந்து வேலை செய்த காலம் சில பெண்களின் வீட்டு ஏற்பாடுகளை மாற்றி அமைத்துவிட்டிருக்கலாம், எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பாமல் போயிருக்கலாம் என்று அவர் ஊகித்தார். நிறுவனக் கணக்கில் இரண்டுக்கும் ஒரே பெயர்: அட்ரிஷன். தமிழ் இன்னும் துல்லியமாகச் சொல்கிறது. அவன் வேலை மாறினான். அவள் வேலையை விட்டாள்.

வினைப்பயனும் விலைச்சீட்டும்

கேட்டால் கிடைக்குமே, பெண்கள் ஏன் கேட்பதில்லை என்று ஒரு கேள்வி வரும். 2014 அக்டோபரில், கணினித் துறைப் பெண்களுக்கான கிரேஸ் ஹாப்பர் மாநாட்டு மேடையில் மைக்ரோசாஃப்ட் தலைவர் சத்யா நாதெள்ளாவிடம், சம்பள உயர்வு கேட்கத் தயங்கும் பெண்களுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டார்கள். கேட்காமல் அமைப்பை நம்பியிருங்கள், அது நல்ல கர்மா என்று பதில் சொன்னார். மேடையில் அவரைப் பேட்டி கண்ட கணினி அறிவியலாளர் மரியா கிளாவே அங்கேயே மறுத்தார். நாதெள்ளா அன்றே தன் பதில் தவறு என்று ஒப்புக்கொண்டார். கர்மா என்ற சொல் இந்த நாட்டில் யாரை எங்கே உட்கார வைக்கப் பயன்பட்டது என்பது நமக்குத் தெரியும். போன பிறவிக் கணக்கை இந்தப் பிறவிக் கூலிக்குக் காரணம் சொல்வது அது. பழைய பே ஸ்லிப்பும் அதையே செய்கிறது. போன கம்பெனியில் குறைவாக வாங்கினாய், எனவே இங்கும் குறைவு.

கலிஃபோர்னியாவில் ஒரு பெண் இதை நீதிமன்றத்தில் நிறுத்தினார். ஐலீன் ரிசோ என்ற கணித ஆசிரியர் 2009இல் ஃப்ரெஸ்னோ மாவட்டக் கல்வி அலுவலகத்தில் சேர்ந்தபோது, பழைய சம்பளத்துக்கு மேல் 5 சதவீதம் என்ற விதிப்படி அவர் சம்பளம் முடிவானது. 2012இல் சக ஊழியர்களுடன் மதியச் சாப்பாட்டில் பேசிக்கொண்டிருந்தபோது, புதிதாகச் சேர்ந்த ஆண் தன்னைவிட அதிகம் வாங்குவது தெரிந்தது. பல கட்ட விசாரணைக்குப் பிறகு, 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பழைய சம்பளம் ஆண் பெண் ஊதிய வேறுபாட்டை நியாயப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. அதற்குள் சட்டங்களும் மாறத் தொடங்கியிருந்தன. பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்று மாசசூசெட்ஸ் மாநிலம் 2016இல் சட்டம் இயற்றியது. கலிஃபோர்னியாவில் 2018 முதல் அதே விதி. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த ஊதிய வெளிப்படைத்தன்மை ஆணையும், பழைய சம்பளத்தைக் கேட்பதைத் தடைசெய்து, வேலைக்கு விண்ணப்பிப்பவருக்கு அந்த வேலைக்கான சம்பள அளவைத் தெரிவிக்கச் சொல்கிறது.

நம் நாட்டில் 1976இலேயே சம ஊதியச் சட்டம் வந்தது. பழைய சீட்டைக் கேட்காதே என்ற விதிதான் இன்னும் வரவில்லை. சம வேலைக்குச் சம ஊதியம் என்று சட்டம் சொல்லும். எவ்வளவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தெரியாத ஒன்றோடு எதைச் சமப்படுத்திக் கேட்பது?

ரிசோவுக்கு உண்மை தெரிந்தது சாப்பாட்டு நேரப் பேச்சில். என் மாணவிக்குத் தெரிந்தது, அந்த வகுப்புத் தோழன் ஒளிக்காமல் தன் சம்பளத்தைச் சொன்னதால். நம்மில் எத்தனை பேர் தோழியிடம் சம்பளத்தைச் சொல்கிறோம்? புடவை விலை சொல்வோம், நகை விலை சொல்வோம், பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்வோம். சம்பளத்தைக் கேட்பது அநாகரிகம் என்று நமக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். அந்த நாகரிகத்தால் பயன் அடைவது யார் என்று யோசிக்க வேண்டும். துண்டு முறையில்கூடத் தொகை காகிதத்தில் இருந்தது. அதைப் படிக்கத் தெரியாதவர்கள்தான் ஏமாந்தார்கள். நாம் எல்லாரும் படித்தவர்கள். காகிதத்தை ஒருவருக்கொருவர் காட்டுவதில்லை.

இரண்டு வாரம் கழித்து அவள் மீண்டும் அழைத்தாள். இந்தப் பொறுப்புக்கு உங்கள் நிறுவனத்தில் குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்று மின்னஞ்சலில் கேட்டிருக்கிறாள். அதற்கு நேரடியாகப் பதில் வரவில்லை. தொகையைக் கூட்டினார்கள். தோழன் வாங்குவதற்கு இன்னும் கீழேதான். ஒப்புக்கொண்டுவிட்டாள்; இப்போது 90 நாள் நோட்டீஸில் இருக்கிறாள்.

“மேம், கிளம்புறதுக்குள்ள என் டீம்ல இருக்கிற மூணு பொண்ணுங்ககிட்டயும் நான் என்ன வாங்குறேன், அங்க என்ன தர்றாங்கன்னு சொல்லிட்டேன். ஒருத்தி அழுதுட்டா. அவ என்னைவிட நாலு வருஷம் சீனியர்” என்றாள்.

அடுத்த ஆண்டு பாலைத்திணை நடத்தும்போது அந்தக் கேள்வி மறுபடி வரும். இந்த முறை இலக்கணத்தில் இடம் இல்லை என்று சொல்லிக் கடக்கப்போவதில்லை.